கிளிப்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு

கேள்வி: என் மகளுக்கு வயது 14. பல்வரிசையைச் சீராக்க கிளிப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் ரப்பர் மாற்றுவதற்காகக் கம்பியைக் கழற்றியிருந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். மேல் பற்களில் நாலைந்தில், கிளிப்புக்கும் ஈறுக்கும் நடுவே, சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததுபோல வெள்ளையாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அவ்வளவாகத் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டதற்கு, “நன்றாகப் பல் தேய்க்கச் சொல்லுங்கள்” என்றதோடு சரி. இது கிளிப் ஒட்டிய பசையா, சொத்தையின் ஆரம்பமா? ஆரம்பத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் எல்லாம் சுத்தமாக இருப்பதாகச் சொன்னார்களே, மறுபடி எடுக்கச் சொல்லலாமா? பேசாமல் கிளிப்பையே எடுத்துவிடலாமா? அடுத்த வருடம் என் 11 வயதுப் பையனுக்கும் கிளிப் போடவேண்டியிருக்கிறது. அதனால்தான் இத்தனை கேள்வி.

பதில்: அம்மா, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் முதலில் என் கண்ணில் பட்டது. ‘வீட்டுக்கு வந்து பார்த்தால் அவ்வளவாகத் தெரியவில்லை.’ பல் டாக்டருக்கு இது நல்ல துப்பு. சிகிச்சை நாற்காலியில் பளிச்சென்று தெரிந்த வெள்ளை, வீட்டுக் கண்ணாடியில் மங்கிப்போகிறது என்றால், அங்கே பல் காய்ந்திருந்தது, இங்கே எச்சிலில் நனைந்திருக்கிறது என்று அர்த்தம். காய்ந்தால் தெரிந்து, நனைந்தால் மறைகிற வெள்ளைதான், பல்லின் வெளி உறையான எனாமல் பாதிக்கப்படுவதன் முதல் படி. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், சீக்கிரமாகவே பிடித்துவிட்டீர்கள். கிளிப்பை எடுக்கவேண்டிய கட்டம் இது இல்லை. ‘தேய்க்கச் சொல்லுங்கள்’ என்பதோடு விட்டுவிடுகிற கட்டமும் இல்லை.

இந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றக் கேள்விகளுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். எனாமல் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள், உடம்பிலேயே மிகக் கடினமானது. பல்மேல் படியும் அழுக்குப் படலத்தில் உள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த இடத்தின் அமிலகார அளவு (pH; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். இனிப்பாக எதையாவது குடித்த சில நிமிடங்களிலேயே அளவு இறங்கிவிடும். எச்சில் அதைப் பழைய நிலைக்குத் தூக்கிக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். மறுபடி ஏறிய பிறகு, எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்ப உள்ளே போய்ப் படியும். எல்லோர் வாயிலும் தினமும் நடக்கிற வரவு செலவு இது. கிளிப் போட்டவர்கள் வாயில் பிராக்கெட்டைச் சுற்றிப் படலம் தங்க நிறைய இடுக்கு கிடைத்துவிடுவதால் செலவு கூடிப்போகிறது. (நீங்கள் கிளிப் என்று சொல்லும் சின்னச் சதுரத்தை நாங்கள் பிராக்கெட் என்போம்.)

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அமிலம் எனாமலை மேலிருந்து சீவிக்கொண்டு போவதில்லை. மேலே தலைமுடிப் பருமனுக்கு ஒரு தோல் ஏறக்குறைய முழுதாக நிற்க, அதற்கு அடியில்தான் தாது கரைந்து நுண்ணிய துளைகள் விழுகின்றன. வெளியே சுவர் நிற்கிறது, உள்ளே செங்கல் உருவப்படுகிறது. அதனால் விரலால் தடவினாலும் நாக்கால் தொட்டாலும் பள்ளம் எதுவும் தட்டுப்படாது, வலியும் கிடையாது. கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் சரியாகப் பார்த்தால்.

எண்ணெய் பட்ட காகிதத்தைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் பட்ட இடம் மட்டும் வெண்மை போய், கீழே இருப்பது தெரிகிற மாதிரி ஆகிவிடும். நார்களுக்கு இடையில் காற்று இருக்கும்வரை ஒளி சிதறுகிறது, காகிதம் வெள்ளையாகத் தெரிகிறது. காற்று இருந்த இடத்தை எண்ணெய் நிரப்பியதும் சிதறல் குறைந்துவிடுகிறது. எனாமலும் இப்படித்தான். அதன் ஒளிவிலகல் எண் 1.62, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. துளைகளில் எச்சில் நிறைந்திருக்கும்போது வித்தியாசம் குறைவு, வெள்ளை பதுங்கிவிடும். காற்றடித்து உலர்த்தினால் துளைகளில் காற்று புகுந்துவிடும், வித்தியாசம் கூடி வெள்ளை வெளியே வந்துவிடும். அதனால் எவ்வளவு உலர்த்தியபின் தெரிகிறது என்பதே பாதிப்பு எவ்வளவு ஆழம் என்பதற்கு அளவுகோல். உலர்த்தினால் மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் எனாமலின் வெளிப்பாதியோடு நிற்கிறது. நனைந்திருக்கும்போதே தெரிந்தால் இன்னும் ஆழமாக, சில சமயம் எனாமலைத் தாண்டி உள்பகுதியான டென்டின்வரை போயிருக்கலாம். உலகம் முழுக்கப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஐசிடாஸ் வகைப்பாட்டில் எண் 1-க்கும் 2-க்கும் உள்ள வேறுபாடே இதுதான்: ஐந்து விநாடி காற்றடித்தபின் தெரிந்தால் 1, ஈரத்திலேயே தெரிந்தால் 2. மேல்தோல் உடைந்து சின்னக் குழி விழுந்துவிட்டால் 3. ஒன்றும் இரண்டும் ஊசியோ டிரில்லோ இல்லாமல் நிறுத்திவிடக் கூடியவை. மூன்றுக்குப் போனபின் பேச்சே வேறு.

இதை நானும் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில், கிளிப் போட்ட ஒரு பையனின் வாயை விளக்கடியில் பார்த்துவிட்டு அட்டையில் ‘எனாமல் நன்று’ என்று எழுதினேன். கம்பியும் ரப்பரும் அப்படியே இருந்தன, பல்லெல்லாம் எச்சில். ஆறு வாரம் கழித்து அதே பையன் வந்தபோது கம்பியைக் கழற்றிச் சுத்தம் செய்து, வேறு வேலைக்காகத்தான் காற்றடித்தேன். மேல் பற்கள் நான்கில், ஈறின் வளைவை அப்படியே நகல் எடுத்த மாதிரி நான்கு வெள்ளைப் பிறைகள் மெல்லத் தெரிய ஆரம்பித்தன. போட்டோ கழுவும்போது படம் எழுந்து வருமே, அப்படி. ஆறு வாரத்தில் வந்தவையா, முன்பே இருந்து நான் பார்க்காமல் விட்டவையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அட்டையில் ‘உலர்த்திப் பார்த்தது’ என்ற இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதுகிறேன். அந்தச் சொற்கள் இல்லாத ‘நன்று’க்கு மதிப்பில்லை என்பது என் கட்சி.

ஆறு வாரம் என்றதும் இன்னொன்று. படலத்தைக் கலைக்காமல் விட்டால் பிராக்கெட்டைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியும் வெண்தழும்பு உண்டாக நான்கு வாரமே போதும். கிளிப் போட்டவர்களை நாங்கள் வரச் சொல்வது நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு விசிட்டுக்கு நடுவிலேயே ஒரு தழும்பு பிறந்து வளர்ந்துவிடும். ஆகவே ‘போன தடவை பார்த்தபோது இல்லையே’ என்பது பெரிய ஆறுதல் ஆகாது. இது அபூர்வமான சங்கதியும் அல்ல. கோரெலிக்கும் அவருடன் சேர்ந்தவர்களும் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், கிளிப் சிகிச்சை முடித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரு பல்லிலாவது வெண்தழும்பு இருந்தது. அதிலும் அதிகம் அடிவாங்குவது மேல் வரிசையில் நடு இரண்டு பற்களுக்கு அடுத்து நிற்கும் சின்னப் பற்கள். அவற்றில் பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் இடையே உள்ள சந்து குறுகலானது, பிரஷ் நுழைவது கஷ்டம். மேல் முன்பற்களின் வெளிப்பக்கத்துக்கு எச்சில் ஓட்டமும் குறைவு. கோரைப்பற்களும் பெரும்பாலும் கூடவே மாட்டிக்கொள்ளும்.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பசையா, பாதிப்பா?

இரண்டும் வெள்ளையாக இருப்பதால் குழப்பம் வருவது இயல்பு. பிராக்கெட் ஒட்டும்போது ஓரத்தில் பிதுங்கிய பசை காய்ந்து நின்றுவிடுவது உண்டு. அதற்கு விளிம்பு இருக்கும்; முனை உருண்டையான கருவியால் மெல்லத் தடவினால் படி ஏறி இறங்குவது கைக்குத் தெரியும். உலர்த்தினாலும் நனைத்தாலும் அது மாறாது. சில பசைகள் ஊதாக்கதிர் டார்ச் வெளிச்சத்தில் எனாமலைவிடப் பளிச்சென்று ஒளிரும் என்பதால், கிளிப் எடுக்கும் நாளில் மிச்சப் பசையைத் தேட அந்த டார்ச்சை வைத்திருக்கும் டாக்டர்களும் உண்டு. பாதிப்புக்கு விளிம்புப் படி இருக்காது, உலர்த்தினால் வெள்ளை கூடும், ஈறின் வளைவை ஒட்டியோ பிராக்கெட்டைச் சுற்றியோ படலம் எந்த வடிவத்தில் உட்கார்ந்திருந்ததோ அந்த வடிவத்திலேயே இருக்கும். சில சமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கும்: பிதுங்கிய பசையின் சொரசொரப்பில் படலம் பிடிக்க, அதை ஒட்டியே எனாமல் வெளுக்கும். அப்படியானால் பசையைத் தேய்த்து வழுவழுப்பாக்குவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். அதைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். சில நிமிட வேலை.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கிளிப் போடுவதற்கு முன்பிருந்தே இருக்கும் வெள்ளை. சிறு வயதில் ஃபுளோரைடு அதிகமானதால் வந்த வெண்மை இடம் வலம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பல்லின் குறுக்கே மெல்லிய கோடுகளாகவோ மேகம் பரவியது போலவோ, ஓரம் கலங்கலாக இருக்கும். எனாமல் உருவாகும்போதே ஏற்பட்ட குறை என்றால் திட்டாக, ஓரம் தெளிவாக, பெரும்பாலும் பல்லின் நடுவிலோ கடிக்கும் ஓரத்தின் பக்கமோ இருக்கும். இரண்டுமே ஈறை ஒட்டிப் பிறைபோல வளைவதில்லை. சந்தேகம் தீர ஒரே வழி பழைய போட்டோ. கிளிப் போடுவதற்கு முன் டாக்டர்கள் பொதுவாக வாயைப் படம் எடுத்து வைத்திருப்பார்கள். அதை எடுத்து இன்றையதோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லி நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். ‘இது முதலிலிருந்தே இருந்தது’, ‘இல்லை, கிளிப்பால் வந்தது’ என்ற வாக்குவாதத்துக்குப் பெற்றோரும் டாக்டரும் செலவழிக்கிற நேரத்தில் நூறு படம் எடுத்துவிடலாம்.

டாக்டர் எப்படிப் பார்க்கவேண்டும் என்பதையும் சொல்கிறேன், அடுத்த முறை பக்கத்தில் நிற்கும்போது உங்களுக்கு உதவும். முதலில் கம்பியும் ரப்பரும் வெளியே வரவேண்டும். அடுத்து படலத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். அழுக்கு மூடிய பல்லைப் பார்த்துச் சொல்வது போர்வைக்குள் இருப்பவரின் முகத்தை வர்ணிப்பது மாதிரி. பிறகு பஞ்சு வைத்து உதட்டை ஒதுக்கி, ஈரமாக ஒரு பார்வை, ஐந்து விநாடி காற்றடித்து ஒரு பார்வை. வெளிச்சத்தை நேராக அடிக்காமல் கொஞ்சம் சாய்த்தால் மினுமினுப்பு இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். இந்த மினுமினுப்பை நான் மிகவும் நம்புகிறேன். வெள்ளை மங்கலாக, சாக்பீஸ் தேய்த்ததுபோல, கருவி முனைக்குச் சொரசொரவென்று இருந்தால் பாதிப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பளபளப்பாக வழுவழுவென்று இருந்தால் பெரும்பாலும் நின்றுபோன பழைய தழும்பு. பக்கத்து ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம் வருகிறதா என்பதும் கூடவே பார்க்கவேண்டியது. வீங்கிய ஈறு அங்கே படலம் பல நாளாகக் குடியிருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். ‘தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேன் டாக்டர்’ என்கிற வாக்குமூலத்தைவிட நம்பகமான சாட்சி.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கூர்முனை ஊசியால் அந்த வெள்ளையைக் குத்திப் பார்க்க வேண்டாம். மேலே சொன்ன மெல்லிய தோல்தான் உள்ளே தாது திரும்பிப் படிவதற்குக் கூரை. அதைக் குத்தி உடைத்தால் ஒன்றாம் எண் மூன்றாகிவிடும். பழைய முறையில் படித்தவர்களுக்குக் கை தன்னால் கூர்முனைக்குப் போகும், எனக்கும் போனது உண்டு.

எக்ஸ்ரே பற்றிக் கேட்டிருந்தீர்கள். பல்லின் முன்பக்கத்தில் வரும் வெண்தழும்பை எக்ஸ்ரே காட்டாது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுவதால் பல்லின் முழுப் பருமனில் இந்தச் சின்ன இழப்பு காணாமல் போய்விடும். ஆரம்ப எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது உண்மைதான். அது வேறு கேள்விக்கான பதில். இரண்டு பற்கள் ஒட்டும் இடைவெளியில் சொத்தை இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே வேண்டும், அதற்காக டாக்டர் கேட்டால் எடுக்கலாம். இந்த வெள்ளைக்காக மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டாம்.

கருவிகள் இருக்கின்றன. நீல ஊதா ஒளியைப் பாய்ச்சினால் நல்ல எனாமல் பச்சையாக மிளிரும், தாது குறைந்த இடம் கறுத்துத் தெரியும். இதை கியூஎல்எஃப் என்பார்கள். ஒரே இடத்தை மாதாமாதம் ஒப்பிட அருமையான கருவி. 655 நானோமீட்டர் சிவப்பு லேசரை வைத்து 0 முதல் 99 வரை எண் காட்டும் டயக்னோடென்ட் என்ற கருவியும் உண்டு. அது பெரிதும் கிருமிகளின் கழிவுப்பொருளின் ஒளிர்வைத்தான் அளக்கிறது. கறை, பல்லில் இறுகிய காரை, கிளிப் பசை எல்லாம் எண்ணை ஏற்றிவிடும். பிராக்கெட் ஓரத்து ஆரம்ப வெள்ளைக்கு அதை நம்பி முடிவெடுப்பதை நான் விரும்புவதில்லை. உங்கள் டாக்டரிடம் இந்தக் கருவிகள் இல்லை என்பதற்காக வேறு இடம் தேடாதீர்கள். காற்றுக்குழாய், நல்ல விளக்கு, ஒரு கேமரா, இரண்டு நிமிடப் பொறுமை. இவை இருந்தால் போதும்.

இனி வீட்டில். உங்கள் பெண் பல் தேய்த்தபின், உதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுத்தமான டிஷ்யூவால் மேல் பற்களின் ஈற்றோரத்தை ஒற்றி எடுங்கள். வாயைத் திறந்தபடி அரை நிமிடம் காத்திருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், பக்கவாட்டிலிருந்து செல்போனில் ஒரு படம். ஃபிளாஷ் போட்டால் அதன் பளபளப்பே வெள்ளையாகி ஏமாற்றும். மாதம் ஒருமுறை, அதே ஜன்னல், அதே நேரம். மூன்று படம் சேர்ந்தால் வளர்கிறதா, நிற்கிறதா, குறைகிறதா என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும். அடுத்த விசிட்டில் அதை நீட்டினால் எந்த டாக்டரும் ‘நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள்’ என்பதோடு முடித்துக்கொள்ள மாட்டார். அதற்காக ஹேர் டிரையர் பிடித்துக் காயவைக்க வேண்டாம்! அதிகம் காய்ந்தால் நல்ல எனாமலும் வெளுத்துப்போகும். வாயைத் திறந்துகொண்டு தூங்கும் பிள்ளைகளுக்குக் காலையில் முன்பற்களில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்து, சற்று நேரத்தில் மறைந்துவிடுவது இதனால்தான். காலை எழுந்தவுடன் பார்த்துப் பதறாதீர்கள்.

படலத்தைக் கண்டுபிடிக்க வண்ண மாத்திரை கிடைக்கிறது, மருந்துக்கடையில் கேட்கலாம். மென்று கொப்பளித்தால் படலம் இருக்கும் இடமெல்லாம் நிறம் ஏறும். பதினான்கு வயதுப் பெண்ணிடம் ‘சரியாகத் தேய், சரியாகத் தேய்’ என்று பத்து முறை சொல்வதைவிட, கண்ணாடியில் அந்த நிறத்தை அவளே பார்ப்பது நல்லது. வீட்டில் சண்டையும் மிச்சம். நிறம் தங்கிய இடமும் போட்டோவில் வெள்ளை தெரிந்த இடமும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும், பாருங்கள்.

தேய்ப்பதில் ஒரே ஒரு திருத்தம் சொல்கிறேன். கிளிப் போட்டவர்கள் பிரஷ்ஷைப் பிராக்கெட்டின் மேலேயே ஓட்டுவார்கள். உலோகம் பளபளக்கும், ஈற்றோரம் அப்படியே கிடக்கும். பிரஷ்ஷை ஈறு பக்கம் சாய்த்து, பிராக்கெட்டுக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று. அப்புறம் கம்பிக்கு அடியில் நுழையும் சின்ன இடைப்பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு பிராக்கெட்டின் இரண்டு பக்கமும். மேல் வரிசைச் சின்னப் பற்களில் இருந்து தொடங்கச் சொல்லுங்கள். கடைசியில் வைத்துக்கொண்டால் அதற்குள் கை சலித்துவிடும்.

பேஸ்ட் உறையில் ஃபுளோரைடு அளவு 1,000-க்கும் 1,500-க்கும் இடையே பிபிஎம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தேய்த்தபின் துப்பட்டும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பேஸ்ட்டின் ஃபுளோரைடு பல்லில் தங்கினால்தான் பிரயோஜனம். ஃபுளோரைடு கலந்த வாய் கொப்பளிக்கும் திரவம் தினமும் ஒரு வேளை, பல் தேய்க்காத நேரமாகப் பார்த்து. 5,000 பிபிஎம் பேஸ்ட் என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு டாக்டர் சீட்டில் எழுதித் தருவது, நீங்களாக வாங்க வேண்டாம். டாக்டரிடம் நீங்கள் கேட்கவேண்டியது ஃபுளோரைடு வார்னிஷ். ஐந்து சதவீத சோடியம் ஃபுளோரைடு, அதாவது 22,600 பிபிஎம். உலர்த்திய பல்லில் தூரிகையால் தடவிவிடுவார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். நடந்துகொண்டிருக்கும் பாதிப்பு என்றால் கம்பியைக் கழற்றும் விசிட்டுகளிலேயே தடவச் சொல்லலாம். பால் புரதத்திலிருந்து எடுத்த கால்சியம் க்ரீமும் சிலர் தருவார்கள். கொஞ்சம் உதவலாம், ஃபுளோரைடுக்கு மாற்றாக அதை நினைக்க வேண்டாம், பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கூடாது.

சாப்பாட்டில் இனிப்பின் அளவைவிட எத்தனை தடவை என்பதைப் பாருங்கள். ஒரு பாட்டில் இனிப்புப் பானத்தை உணவோடு ஒரே மூச்சில் குடித்து முடிப்பது ஒரு தாக்குதல். அதையே பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உறிஞ்சினால், எச்சில் தலைதூக்கவே முடியாது.

கிளிப்பை எடுப்பதா? மேல்தோல் உடைந்து குழி விழுந்தால், அல்லது இரண்டு மூன்று விசிட்டிலும் வெள்ளை பரவிக்கொண்டே போய், பல் சுத்தமும் தேறவில்லை என்றால், அந்தப் பேச்சை எடுக்கலாம். அப்போதும் நேராகப் பிராக்கெட்டை எடுப்பதற்கு முன் ஒரு நடுவழி உண்டு: கம்பியை மட்டும் சில வாரம் கழற்றி வைத்து, பல்லுக்கு மூச்சுவிட நேரம் கொடுப்பது. கோணல் பல்லோடு பாதியில் நிறுத்தினால் அழுக்குத் தங்கும் கோணல் அப்படியே நிற்கும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். ஆனால் சுத்தம் செய்யவே முடியாத வாயில் நேரான பல்லுக்காக எனாமலைப் பலிகொடுக்கச் சொல்லமாட்டேன்.

கிளிப் முடிந்து கழற்றும் நாளில் தழும்பு மிஞ்சியிருந்தால் அவசரப்படாதீர்கள். படலம் ஒளிய இடம் போனதும் எச்சில் தன் வேலையைச் செய்யும். முதல் சில மாதங்களில் பல தழும்புகள் தானாகவே மங்கும், முழுக்க மறைவது எல்லோருக்கும் நடப்பதில்லை. அந்தச் சமயத்தில் முன்பல் தழும்பின்மேல் அதிக வீரிய ஃபுளோரைடைப் போட்டுப் பூச வேண்டாம். மேல்தோல் சீக்கிரம் இறுகிவிட்டால் அடியில் உள்ள வெள்ளை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சாதாரண பேஸ்ட் போதும். ஆறு மாதம் போல ஆகியும் அவளுக்கு அது உறுத்தினால், பிசின் ஊட்டும் சிகிச்சை இருக்கிறது: 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் இரண்டு நிமிடம் மேல்தோலைத் திறந்து, நீர்த்த பிசினைத் துளைகளுக்குள் உறிஞ்சவிட்டு ஒளியால் இறுக்குவார்கள். அந்தப் பிசினின் ஒளிவிலகல் எண் எனாமலுக்கு அருகில் வருவதால் வெள்ளை அடங்கிவிடும். எண்ணெய் பட்ட காகிதம்தான், வேறொன்றுமில்லை.

பையனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவனுக்கு ஒரு வருடம் இருக்கிறது, அது பெரிய கையிருப்பு. வண்ண மாத்திரையை அக்காவோடு சேர்த்து அவனுக்கும் கொடுங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் ஈற்றோரத்தில் நிறம் தங்காமல், தேய்த்தால் ரத்தம் வராமல் இருந்தால் பிராக்கெட் ஒட்டும் தேதியைக் குறியுங்கள். இல்லையென்றால் தள்ளிப்போடுங்கள், பல் எங்கேயும் ஓடிப்போகாது. ஒட்டுவதற்கு முன் கடைவாய்வரை எல்லாப் பற்களையும் உலர்த்திப் படம் எடுக்கச் சொல்லி, ஒரு பிரதியை உங்கள் போனிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.